அந்த வீட்டைக் கட்டியது கவிஞரே

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்நேரோஸின் எழுத்தில் ஓங்கி நிற்பது கவிதையா, கதையா? இதுதான் இன்றைய தலைப்பு. கவிதையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் விற்பனைக் கணக்கை எடுத்து வைத்தார். 1984இல் வந்த 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, 20க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது, அது கதைப் புத்தகம்தானே என்றார். கணக்கு சரி. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது?

44 சின்னச் சின்னப் பகுதிகள். பல பகுதிகள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. 'ஹேர்ஸ்' என்று ஒன்று. சிகாகோவில் வாழும் மெக்சிகக் குடும்பத்துச் சிறுமி எஸ்பெரான்சா, வீட்டில் ஒவ்வொருவர் தலைமுடியும் எப்படி இருக்கும் என்று சொல்கிறாள். அப்பாவுடையது துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். அவளுடையது எந்த கிளிப்புக்கும் அடங்காது. அம்மாவின் சுருள்முடியில் மட்டும் ரொட்டி வாசம். படுக்கையில் அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள், வெளியே மழை பெய்கிறது, அப்பா குறட்டை விடுகிறார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது! இதில் சம்பவம் எங்கே, திருப்பம் எங்கே? நம்மை அங்கே பிடித்து நிறுத்துவது அந்த வாசமும் மழைச் சத்தமும்தான். இந்த ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்து 1994இல் குழந்தைகளுக்கான படப் புத்தகமாகவே போட்டார்கள். நாவலின் ஒரு பக்கத்தை உருவினால் அது அந்தரத்தில் தொங்கும். தனியாக நிற்கிறதென்றால் அது கவிதையின் வார்ப்பு.

அந்த வார்ப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை கற்பிக்கும் எழுத்தாளர் பட்டறையில் அவர் சேர்ந்து படித்தது கவிதை. 1978இல் அங்கே முதுகலைப் பட்டம் பெற்றார். முதலில் அச்சேறிய நூலும் 'பேட் பாய்ஸ்' என்ற சிறு கவிதைத் தொகுப்பு, 1980இல்.

அதே ஐயோவாவில் ஒரு வகுப்பில் வீடு பற்றிப் பேச்சு வந்தது. மற்ற மாணவர்கள் பரணையும் மாடிப்படியையும் நிலவறையையும் நினைவுகூர்ந்தார்கள். வாடகை வீடுகளில் வளர்ந்தவர், ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண், இவர். அந்த வீடு தன் வாழ்க்கையில் இல்லவே இல்லை என்று அங்கே உறைத்தது. அவர்களால் எழுத முடியாததை நான் எழுதுகிறேன் என்று அன்றே முடிவெடுத்தார். உடனே எதிரணி சொல்லும், அங்கேதானே கதைக்குத் திரும்பினார் என்று. கவிதை வகுப்பு அவருக்கு வாய் அடைத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே வந்து எழுதியபோதும் வரியைச் சுருக்குவதையும் ஓசையையும் அவர் கைவிடவில்லையே! பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கு சிகாகோவில் பாடம் நடத்தியபோது அந்தப் பெண்கள் சொன்ன துயரங்களும் இந்தப் புத்தகத்தில் கலந்திருக்கின்றன. சேதி அவர்களுடையது. சொன்ன விதம் கவிஞருடையது.

அதே புத்தகத்தில் வரும், நண்பர் தொடாமல் விட்ட மினெர்வாவைச் சொல்லியாக வேண்டும். எஸ்பெரான்சாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அதற்குள் இரண்டு குழந்தைகள், ஓடிப்போவதும் திரும்பி வருவதுமாக ஒரு புருஷன். பிள்ளைகளுக்கு பான்கேக் கொடுத்துத் தூங்க வைத்த பிறகு, ராத்திரியில் துண்டுக் காகிதத்தில் எழுதுகிறாள். அதை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருப்பதால் அந்தக் காகிதத்தில் காசு வாடை அடிக்கிறது. அவள் எழுதுவது கவிதை. எஸ்பெரான்சா தன் கவிதையை அவளிடம் காட்டுகிறாள். நோயில் படுத்த, கண் தெரியாத லூப்பே அத்தைக்குப் படித்துக் காட்டுவதும் கவிதைதான். விடாமல் எழுது, அது உன்னை விடுதலையாக வைத்திருக்கும் என்று அத்தை சொல்வது அதைக் கேட்டுவிட்டுத்தான். எஸ்பெரான்சா ஆசைப்படும் சொந்த வீடு எப்படி இருக்க வேண்டுமாம்? கவிதை எழுதுவதற்கு முந்தைய காகிதம் போலச் சுத்தமாக இருக்க வேண்டுமாம்!

சரி, 2002இல் வந்த 'காராமெலோ'? அது நானூறு பக்கத்தைத் தாண்டும் முழு நாவல். தலைமுறைகளின் கதை. எனக்கு மிகப் பிடித்த புத்தகம், அதை எதிரணிக்கு மனமார விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பாருங்கள். 'லூஸ் வுமன்' என்ற கவிதைத் தொகுப்பு 1994இல் வந்தது. அடுத்த ஆண்டே, படைப்பாளிகளுக்குத் தரும் பெரிய உதவித்தொகையான மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. பிறகு நாவல், கட்டுரை, 2016இல் அதிபர் ஒபாமா கையால் தேசியக் கலைப் பதக்கம். பேரும் புகழும் உரைநடையே கொண்டுவந்து கொட்டியது. கவிதைக்குத் திரும்ப அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் 28 ஆண்டு கழித்து, 2022இல், 67 வயதில் 'வுமன் விதவுட் ஷேம்' என்று ஒரு கவிதை நூலைக் கொடுத்தார். வயதாகும் தன் உடம்பையும் ஆசையையும் கூச்சமில்லாமல் அதில் எழுதினார். அதை எழுத அவர் ஏன் நாவலைத் தேடிப் போகவில்லை என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த மேடையில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.