குதிக்காதே என்றால் போதுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘பேஸ் ஜம்பிங்குக்குத் தேவை தடையா, ஒழுங்குமுறையா?’ ஒழுங்குமுறை அணியின் உரை.)

நான் எழுந்ததுமே மணியைக் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்ட நடுவர் அவர்களே, அடித்துப் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். இது உயிரைக் குடிக்கிற விளையாட்டு. காப்பாற்றப் போகிறவன் உயிருக்கும் ஆபத்து. இவர்கள் எந்த விதிக்கும் அடங்காத கூட்டம். ஆகவே தடை போடு! கைதட்டல் பலமாகக் கிடைத்தது. நானும் தட்டினேன். ஏனென்றால் அவர் சொன்ன மூன்றில் இரண்டரை உண்மை. மிச்சமிருக்கிற அரையை வைத்துக்கொண்டுதான் நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த். அதாவது கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு. இந்த நான்கு சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்து 1981-இல் கார்ல் போனிஷ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளரும் அவருடைய நண்பர்களும் வைத்த பெயர்தான் பேஸ். இவற்றின் உச்சியிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்பிங். விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும், ஒன்று காலை வாரினால் இன்னொன்று. இவர்கள் முதுகில் ஒன்றே ஒன்று. கஞ்சத்தனம் இல்லை, இரண்டாவதைத் திறக்க நேரமே இருக்காது. நடுவர் அந்த மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணட்டும். அதற்குள் குதித்தவர் ஏறக்குறைய 44 மீட்டர் கீழே போயிருப்பார். பதினான்கு மாடி!

அதனால்தான் இவர்கள் பாராசூட் மடிப்பதைப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும். தரையில் விரித்து, மடிப்பு மடிப்பாக நீவி, மடிப்பு கலையாமல் இருக்க ஆங்காங்கே கிளிப் மாட்டி, ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்து, கடைசியில் போட்ட கிளிப்பையெல்லாம் எண்ணி எடுத்துப் பைக்குள் போடுவார்கள். ஒன்று குறைந்தாலும் பிரித்துத் தேட வேண்டும். எதிரணி நண்பர் இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்றார். நம்மில் பலர் ஹெல்மெட் வாரைக்கூட ஒழுங்காக மாட்டுவதில்லை ஐயா.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். மறைக்க மாட்டேன். நார்வேயில் கேராக் என்றொரு மலை. மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடலை ஃபியோர்டு என்பார்கள், அதற்கு மேலே சுமார் ஆயிரம் மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. அங்கே 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 9 பேர் இறந்திருக்கிறார்கள். 2,317 குதிப்புக்கு ஓர் உயிர். உயிர் தப்பிய விபத்துகள் 82. பயங்கரமான கணக்குதான். என் வீட்டுப் பிள்ளை போகிறேன் என்றால் நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் இந்தக் கணக்கு நம் கைக்கு எப்படி வந்தது? கேராக்கில் குதிக்கத் தடை இல்லை. அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. யார் குதித்தார், எங்கே இறங்கினார் என்று குறிப்பு இருக்கிறது, கீழே இறங்கியவரை ஏற்றிவரப் படகு இருக்கிறது. திருட்டுத்தனமாகக் குதிப்பவனுக்கு எந்த நோட்டில் ஐயா கணக்கு எழுதுவீர்கள்? செத்தால்தான் அவன் கணக்கில் வருவான். தடை போட்ட இடத்தில் ஆபத்து எவ்வளவு என்பதே தெரியாது. தெரியாததைக் குறைக்கவும் முடியாது.

அடுத்து அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா. அங்கே எல் கேப்பிட்டன் என்கிற பாறை, சுமார் 900 மீட்டர் உயரம். 1966-இல் பிரையன் ஷூபர்ட், மைக்கேல் பெல்கி என்ற இருவர் அதிலிருந்து குதித்து எலும்பை முறித்துக்கொண்டார்கள். 1978-இல் போனிஷ் குழு நல்ல பாராசூட்டுகளோடு வந்து குதித்து, அதைப் படமும் எடுத்தது. 1980-இல் பூங்காத் துறையே அனுமதிச் சீட்டு கொடுத்துப் பார்த்தது. மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். காரணம் குதித்தவர்கள்தான். சீட்டு இல்லாமலும் குதித்தார்கள், போகக்கூடாத பாதையில் லாரியை ஓட்டிக்கொண்டு உச்சிக்குப் போனார்கள். நண்பர் சொன்ன ‘அடங்காத கூட்டம்’ என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் இதைச் சொல்ல மறந்துவிட்டார், போகட்டும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் சில பேர் செய்த தப்புக்கு, நாற்பது ஆண்டுக்கும் மேலாக எல்லாருக்கும் கதவை அடைத்து வைப்பதா? இன்று அங்கே பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். பல ஆயிரம் டாலர் பெறுமான பாராசூட் பறிமுதல். எந்த விதியின் கீழ் தெரியுமா? பாராசூட், ஹெலிகாப்டர் அல்லது வேறு வான்வழியாக ஓர் ஆளையோ பொருளையோ பூங்காவுக்குள் கொண்டுவந்து இறக்கக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது என்கிற விதி. படித்தால் சரக்கு இறக்குபவர்களுக்காக எழுதியது போலவே இருக்கும். ஏற்கெனவே பூங்காவுக்குள் நடந்து வந்து, பூங்காவுக்குள்ளேயே குதித்து, பூங்காவுக்குள்ளேயே இறங்குகிறவன், தன்னைத்தானே சரக்காக இறக்கிக்கொண்ட குற்றவாளி! அனுமதி கொடுத்தால் செய்யலாம் என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறது. எல் கேப்பிட்டனில் அந்த அனுமதி 1980-ஓடு சரி.

அதே யோசெமிட்டியில் கிளேசியர் பாயின்ட் முனையிலிருந்து ஹேங் கிளைடரில், அதாவது இயந்திரம் இல்லாத துணிச் சிறகில் தொங்கிக்கொண்டு, பறக்க அனுமதி உண்டு. தகுதி பார்ப்பார்கள், நேரம் குறிப்பார்கள், காலையில் பறந்து கீழே புல்வெளியில் இறங்கிவிட வேண்டும். அதே பள்ளத்தாக்கு, அதே காற்று, அதே துறை. ஒருவனுக்குச் சீட்டு, இன்னொருவனுக்கு விலங்கு.

விலங்கு என்றேனே, அதன் விலையைச் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூன் மாதம். ஃபிராங்க் கம்பாலி என்பவர் எல் கேப்பிட்டனிலிருந்து குதித்தார். பாராசூட் ஒழுங்காகத் திறந்தது, ஒழுங்காகத் தரையிறங்கினார். விளையாட்டு அங்கேயே முடிந்துவிட்டது. பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் துரத்தினார்கள். அவர் ஓடினார். பனி உருகி நுரைத்து ஓடிக்கொண்டிருந்த மெர்சட் ஆற்றில் பாய்ந்தார். பல நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. ஓடியது அவர் தப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எதற்குப் பயந்து ஓடினார்? 900 மீட்டர் பாறைக்குப் பயப்படாதவர்!

அதே ஆண்டு அக்டோபரில், கம்பாலியின் சாவை முன்வைத்து ஐந்து பேர் எதிர்ப்புக் குதிப்பு நடத்த வந்தார்கள். முன்கூட்டியே துறைக்குச் சொல்லிவிட்டார்கள். குதிப்போம், இறங்குவோம், ஓடாமல் கைதாவோம் என்று ஒப்பந்தம். கீழே ரேஞ்சர்கள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். முதல் மூன்று பேர் பத்திரமாக இறங்கினார்கள். நான்காவதாக ஜான் டேவிஸ். சினிமாவில் சாகசக் காட்சிகளில் நடித்த அனுபவசாலிப் பெண்மணி. ஒரு விஷயம்தான் வேறு. இறங்கியதும் பாராசூட்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்பதால், தன்னுடையதை வைத்துவிட்டு இரவல் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பாராசூட்டைத் திறக்க முதலில் ஒரு குட்டிப் பாராசூட்டைப் பிடித்து இழுத்துக் காற்றில் வீச வேண்டும், அது போய்ப் பெரியதை வெளியே இழுக்கும். அந்தக் குட்டியின் பிடி எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை, கை தானாகப் போகும். இருட்டில் நம் வீட்டு ஸ்விட்சுக்குக் கை போவதில்லையா, அது மாதிரி. இரவல் பையில் பிடி இருந்த இடம் அவர் கை பழகிய இடம் இல்லை. பாராசூட் கடைசிவரை திறக்கவே இல்லை. கீழே படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் அவருடைய கணவரும் ஒருவர்.

எதிரணி நண்பர் கேட்பார்: அவர் குதிக்காமல் இருந்திருந்தால்? உண்மைதான், உயிரோடு இருந்திருப்பார். நான் கேட்பது வேறு. பறிமுதல் என்கிற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், அன்று அவர் முதுகில் எந்தப் பாராசூட் இருந்திருக்கும்?

ஐஃபில் கோபுரத்துத் தையற்காரர் கதையையும் நண்பர் சொன்னார். 1912, ஃபிரான்ஸ் ரைஷெல்ட். தானே தைத்த பாராசூட் அங்கியோடு 57 மீட்டர் உயரத்து முதல் தளத்திலிருந்து குதித்து இறந்தார். ‘அனுமதி கொடுத்ததால் வந்த வினை’ என்றார் நண்பர். பாதிக் கதை அது. அனுமதி வாங்கியது பொம்மையைத் தள்ளிவிட்டுப் பார்க்க. குதித்ததுதான் தையற்காரர். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்தால் அப்படித்தான் ஆகும். நான் கேட்கிற ஒழுங்கு, பொம்மை எங்கே என்று பக்கத்தில் நின்று கேட்கிற ஒழுங்கு.

அது நடக்குமா என்றால், நடந்துகொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. அங்கே குதிப்பவர்கள் ஒரு லேண்டிங் கார்டு வாங்குகிறார்கள். அந்தப் பணம் விவசாயிகளுக்குப் போகிறது. ஏன் விவசாயிகளுக்கு? இவர்கள் இறங்குவது அவர்களுடைய புல்வெளியில். நமக்குப் பார்க்கப் பச்சைக் கம்பளம், அவர்களுக்கு அது மாட்டுத் தீவனம். மிதித்துப் போட்டால் பனிக்காலத்தில் மாடு எதைத் தின்னும்? அதனால் வளர்ந்த புல்லில் இறங்காதே, இறங்கினால் வயலில் உட்கார்ந்து மடிக்காமல் ஓரமாகப் போ என்று விதி. குதிக்கும் முன் ஹெலிகாப்டர் தளத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் வானத்தில் குறுக்கே யாரும் வரக்கூடாது அல்லவா. அங்கும் சாகிறார்கள், நிறையவே. ஆனால் துரத்தலில் சாவதில்லை.

மீட்புப் பணியாளர்கள் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. கட்டட மொட்டைமாடிக்குத் திருட்டுத்தனமாக ஏறி, கீழே மனிதர்கள் நடந்துபோகிற தெருவுக்குள் குதிப்பவருக்காகவும் நான் வாதாட வரவில்லை. 2016-இல் பிரான்ஸின் ஷாமொனியில் விங்சூட், அதாவது கை கால்களுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த உடை, போட்டுப் பறந்த ஒருவர் ஒரு வீட்டில் மோதி இறந்தார், மேயர் தடை போட்டார். வீட்டுக்குள் இருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அந்தத் தடைக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். 1984-இல் நார்வேயின் ட்ரோல்வெக்கன் மலைச்சுவரில் கார்ல் போனிஷ் இறந்தார், விளையாட்டுக்குப் பெயர் வைத்தவரே. சுவரில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போவது மீட்பவர் உயிருக்கே உலை என்று கண்டு, 1986-இல் அங்கே குதிப்பதைத் தடை செய்தது நார்வே. அதே நார்வேதான் கேராக்கைத் திறந்து வைத்திருக்கிறது! எந்தச் சுவரில் மீட்க முடியும், எதில் முடியாது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தவில்லை.

அமெரிக்காவிலும் ஐடஹோ மாநிலத்தின் பெரைன் பாலத்தில், 148 மீட்டர், ஆண்டு முழுக்கக் குதிக்கலாம், சீட்டே வேண்டாம். யூட்டாவில் மோவாப் பக்கத்துப் பாறைகளில் இன்னொரு மத்திய நிலத்துறை குதிக்க விடுகிறது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகளுக்கு இரண்டு நியாயம். சரி, வேறு துறை என்று விட்டுவிடலாம்...

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே ஒரு பாலம், முடித்துக்கொள்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் நியூ ரிவர் ஜார்ஜ் பாலம், 267 மீட்டர். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, அக்டோபர் மாதம், போக்குவரத்தை நிறுத்திவிட்டுக் குதிக்க விடுவார்கள். 1966-இல் எல் கேப்பிட்டனில் எலும்பை முறித்துக்கொண்டாரே ஷூபர்ட், அவர் நாற்பது ஆண்டு கழித்து 2006-இல் அந்தப் பாலத்தில்தான் குதித்து இறந்தார். எதிரணியில் அடுத்துப் பேசுபவர் இதைச் சொல்வார், சொல்லட்டும். ஆனால் பாலத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதுவும் தேசியப் பூங்காத் துறையின் நிலம்தான். யோசெமிட்டியில் துரத்துகிற அதே துறை, அந்த ஒரு நாள் அங்கே அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. அன்றைக்குக் கீழே ஆற்றில் மீட்புப் படகுகள் காத்து நிற்கும். தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கிப் படகில் போட்டுக் கரை சேர்ப்பார்கள்.

1999 ஜூனில் மெர்சட் ஆற்றில் படகு எதுவும் நிற்கவில்லை.

நன்றி, வணக்கம்.