பள்ளி இதழ் யார் கைக்குப் போகிறது?

வணக்கம். பள்ளி இதழ் தயாரிக்கிற ஆசிரியர்களுக்கும், அதைவிட முக்கியமாக அதில் எழுதப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பக்கம் வடிவமைப்பது என் தொழில். ராயபுரம் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், நடுவில் பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று வேலை வந்துகொண்டிருக்கும்.

ஆண்டு மலர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அட்டையில் பள்ளிக் கட்டடம். திறந்தால் வாழ்த்துச் செய்தி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாழ்த்துச் செய்தி, ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம். அப்புறம் ஆண்டறிக்கை. ஏழாம் வகுப்புப் பெண் எழுதிய கவிதை எங்கே என்று தேடினால், பின்னாடி ரெண்டு விளம்பரத்துக்கு நடுவே எட்டு பாயின்ட் பொடி எழுத்தில் இருக்கும். சரி, இதை யாருக்காக அச்சடித்தோம்? மேடையில் விருந்தினர் கையில் கொடுத்துப் படம் எடுக்கத்தான் என்றால் இருபது பிரதி போதுமே, எதற்கு ஆயிரம்? வாழ்த்தே வேண்டாம் என்று நான் சொன்னால் தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் எல்லா வாழ்த்தையும் ஆளுக்கு நாலு வரியாகக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் பக்கம் பிள்ளையுடையது.

எந்தப் பிள்ளை என்பதையும் முடிவு செய்யணும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே இதழ் என்றால் அது யாருக்குமே இல்லாத இதழ். 2022இல் நம்ம பள்ளிக் கல்வித் துறை இதழ் தொடங்கியபோதே நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறிலிருந்து ஒன்பதுவரை தேன்சிட்டு என்று பிரித்துத்தான் கொண்டுவந்தார்கள். உங்களால் ரெண்டாகப் போட முடியாவிட்டால், நடுவில் நாலு பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி, அங்கே மட்டும் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பதினாறு பாயின்ட் என்றாலும் தப்பில்லை.

இப்போது எழுத்துக்கு வருவோம், நிறைய பேர் கோட்டை விடுகிற இடம் இது. இங்கிலீஷ் பத்திரிகையைப் பார்த்து பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து, ரெண்டு ஓரமும் நேராக வரணும் என்று இழுத்துவிடுகிறார்கள். தமிழில் சொல் நீளம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்று ஒரே சொல் வந்து உட்கார்ந்தால் அந்த வரி முடிந்தது, அடுத்த வரியில் ரெண்டே சொல், நடுவில் மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சந்து. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சந்தில் கண் வழுக்கிவிடும். ரெண்டு பத்திக்கு மேல் வேண்டாம், வலது ஓரத்தை அப்படியே மேடும் பள்ளமுமாக விடுங்கள். வரிக்கு வரி இடைவெளியும் தாராளமாக இருக்கட்டும், ஏனென்றால் மேல்வரியில் ‘தூ’ கீழே இறங்கும், கீழ்வரியில் ‘கீ’ மேலே ஏறும், ரெண்டும் முட்டிக்கொள்ளும். அப்புறம் தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டு விரிப்பார்கள் பாருங்கள், அப்போது ‘கொடி’யில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவில் க மட்டும் அநாதையாக நிற்கும். நிறமும் அப்படித்தான். கருநீலத் தரையில் வெள்ளை எழுத்து கம்ப்யூட்டர் திரையில் ஜொலிக்கும், தாளில் மை கசிந்து புள்ளியை அடைத்துவிடும், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். கவிதைக்குப் பின்னால் சூரிய அஸ்தமனம் வைக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

படம் இணையத்திலிருந்து எடுக்காமல் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பென்சிலில் வரைந்தால் நகலில் சாம்பலாகத்தான் விழும், மேலே கறுப்பு ஜெல் பேனாவால் ஒரு தடவை ஓட்டச் சொன்னால் போதும். போட்டோ எடுத்தால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளை இணையத்தில் பார்த்து, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்று எழுதிக் கொடுக்கும். சரிதான், ஆனால் அது ஆயிரம் பேர் எழுதியது. நேரில் போய்த் தூண்களை எண்ணிவிட்டு வா, இன்றைக்கு அங்கே யார் இறங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு வா என்று அனுப்புங்கள். காசிமேட்டுப் பிள்ளையிடம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாளும் வீட்டில் அப்பா என்ன செய்கிறார் என்று கேளுங்கள், படகின் படம் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் வீட்டில் சொல்கிற பெயரையே எழுதச் சொல்லுங்கள். அதுவே ரெண்டு பக்கம் வந்துவிடும். 2024இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா நம்ம ஊர்ப் பெண். அவரைப் பற்றி பாராட்டுக் கட்டுரை எழுதுவதைவிட, போர்டை வரைந்து ஓர் அடியை அம்புக்குறி போட்டு விளக்கினால் பையன்கள் பிய்த்துக்கொண்டு படிப்பார்கள்.

பிழை திருத்துகிற ஆசிரியர்களுக்கு ஒன்று. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், வாக்கியத்தைத் திருத்தாதீர்கள். “எங்க ஆயா மீன் விக்கப் போனா நான்தான் தம்பியப் பாத்துக்குவேன்” என்று ஒரு பிள்ளை எழுதினால் அதைச் செந்தமிழாக்கி ‘பாட்டியார்’ என்று போட்டுவிட்டால், அது அந்தப் பிள்ளையின் கட்டுரையே இல்லை.

காசு இல்லை என்கிற பள்ளிகளுக்கு: ஒரே ஓர் ஏ3 தாள் போதும். ரெண்டு பக்கமும் நகலெடுத்து, ரெண்டு தடவை மடித்து, மேல் விளிம்பை வெட்டினால் எட்டுப் பக்க இதழ். முதலில் வெறும் தாளை மடித்துப் பக்க எண் எழுதி டம்மி ஒன்று செய்துகொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் எட்டு இருக்கும், அவற்றுக்கு மேலே நாலும் ஐந்தும் தலைகீழாக நிற்கும். இதைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துபோவார்கள். அச்சகத்தில் கொடுத்து நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்கணும், பதினெட்டு என்று போய் நிற்காதீர்கள், பதினாறு அல்லது இருபது.

அப்புறம், டிசம்பர் வந்தால் காலண்டரும் டைரியுமாக அச்சகங்கள் மூச்சுவிடாது, தையில் கல்யாணப் பத்திரிகை பிடித்துக்கொள்ளும். பக்கங்களை அக்டோபருக்குள் முடித்துக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.