மாலை நான்கு மணி நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு மூலை. இரண்டு நாற்காலி, நான்கு தொட்டிச் செடி. பங்குனி பிறந்ததும் கடைக்குப் போய் அதே அளவில் ஒரு பச்சை வலை வாங்கி, நான்கு கம்பம் நிறுத்தி, தலைக்கு மேலே இழுத்துக் கட்டிவிடுகிறோம். மாலை நான்கு மணிக்குக் காபி டம்ளரோடு போய் உட்கார்ந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. வலை தலைக்கு மேலேதான் இருக்கிறது. அதன் நிழல் பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கிறது.

குறை வலையில் இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது வலையின் நிழல் வலைக்குக் கீழேயே விழும். ஆனால் நண்பகலில் மாடிக்கு யார் போகிறார்கள்? மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அந்தச் சாய்வில், 8 அடி உயரத்தில் கட்டிய வலையின் நிழல் 12 அடி கிழக்கே தள்ளிப் போய்விடும். உங்கள் வலையின் அகலம் 10 அடிதானே!

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. 8 அடி நீளமுள்ள ஒட்டடைக் கம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போடும் இடத்தில், நீங்கள் வழக்கமாக உட்காரும் நேரத்தில், அதை நேராக நிறுத்துங்கள். நிழலின் நுனி விழும் இடத்தில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். கம்பின் அடியிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் உங்கள் கூரையின் நிழல் நகரும். காலை பத்து மணிக்கு உட்காருபவர் என்றால் நிழல் மேற்கே ஐந்தடி போல நகரும். வலையைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கட்டினால் போதும். மாலை ஆட்களுக்கு அந்த வழி உதவாது. அவர்களுக்கு வேண்டியது மேற்குப் பக்கம் செங்குத்தாகத் தொங்கும் ஒரு திரை.

திரை எவ்வளவு உயரம்? நாற்காலி மேற்குச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தவர் தலை தரையிலிருந்து மூன்றரை அடி. நான்கு மணி வெயில் அந்தத் தலைக்கு வரும் வழியில் திரை இருக்கும் இடத்தை ஏழரை அடி உயரத்தில் கடக்கும். பாதத்துக்கு வரும் வெயில் நான்கடி உயரத்தில் கடக்கும். ஐந்து மணிக்கு இரண்டும் இன்னும் கீழே இறங்கிவிடும். தலைக்கு வருவது ஐந்தரை அடியில், பாதத்துக்கு வருவது கைப்பிடிச் சுவரிலேயே அடங்கிவிடும். ஆக, எட்டடியில் தொடங்கி நான்கடி வரை தொங்கும் திரை போதும். மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஓரடி இடைவெளி விடலாம். ஐந்து மணிக்கு அதன் வழியே முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வெயில் படும், ஆனாலும் அந்த இடைவெளிதான் காற்று வரும் வழி. அதையும் சேர்த்து மூடினால் உட்கார்ந்த இடம் புழுங்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பங்குனியில் நான்கு மணிச் சூரியன் நேர் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே நிற்கும். வைகாசியில் அதுவே வடக்கே நகர்ந்துவிடும். பங்குனியில் பார்த்துக் கட்டிய திரையில் அக்னி நட்சத்திரத்தின்போது வடக்கு ஓரமாக வெயில் நுழையும். அதனால் திரையை வடக்கே இரண்டடி கூடுதலாக நீட்டிக் கட்டுங்கள்.

அப்படியானால் மேலே கூரையே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் வேறு. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெயில் வாங்கிய மாடித் தரையின் தட்டோடு (மேலே பதித்த ஓடு), பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நண்பகலில் தரைக்கு நிழல் கொடுத்தால்தான் மாலையில் கால் வைக்க முடியும். மேல் வலை தரைக்கு, பக்கத் திரை ஆளுக்கு. இப்படிப் பிரித்துப் பார்த்தால் எந்த வலை வாங்குவது என்பதும் தெளிவாகும்.

வலைகளை 35, 50, 75, 90 சதவீதம் என்று விற்கிறார்கள். எவ்வளவு வெயிலை மறிக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. கீழே காய்கறித் தொட்டி இருந்தால் மேலே 50 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். போனால் தக்காளி ஒல்லியாக நீண்டு வளரும், காய் பிடிக்காது. மேற்குத் திரைக்கு 75 நல்லது. 90 சதவீத வலை காற்றையும் ஏறக்குறைய மறித்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு, பச்சைதான் குளிர்ச்சி என்று. கண்ணுக்கு மட்டும்தான் குளிர்ச்சி. அடியில் உட்கார்ந்தவர் முகமும் பச்சையாகத் தெரியும், செடிக்கும் அதனால் தனி லாபம் இல்லை. கறுப்பு வலை சூடாகும், ஆனால் எட்டடி உயரத்தில், காற்றோட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. அதில் சேர்க்கும் கரி வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இழையைக் காப்பதால் கறுப்பு பொதுவாக அதிக நாள் உழைக்கும். ஒரே சதவீதம் சொல்லும் இரண்டு வலைகளைக் கையில் வாங்கி எடை பாருங்கள், கனமானதை எடுங்கள்.

வலை பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை. கட்டிய இடத்தில்தான் கிழியும். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினால் அது கத்தி மாதிரி அறுக்கும். வெள்ளை நைலான் டேக் ஒரு கோடை தாண்டாது, பொடிப் பொடியாக உடையும். ஓரத்தை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, உள்ளே கயிறு கோத்துத் தைத்து, அந்தக் கயிற்றைக் கட்டுங்கள். இரும்புக் குழாய் வெயிலில் கொதிக்கும். வலை அதில் உரசும் இடம் முதலில் இற்றுப்போகும். பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து குழாயில் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை குறையும். முதல் கோடையில் வலை கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூட்டியே வாங்குங்கள்.

தகரம், ஃபைபர் ஷீட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தகரத்தின் அடியில் உட்கார்ந்தால் மேலிருந்து வெக்கை இறங்கும். ஃபைபர் ஷீட் சில வருடத்தில் மஞ்சளாகி நொறுங்கும். தென்னங்கீற்றுக்கு நிகரான குளிர்ச்சி எதிலும் இல்லை. ஆனால் நெருக்கமான தெருவில், தீபாவளி ராக்கெட் பறக்கும் ஊரில், மாடியில் கீற்றுக் கொட்டகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனதும் கீற்றுக் கூரையால்தான். கீற்றின் இடத்தில் மூங்கில் தட்டி தொங்கவிடலாம். திருச்சி, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் காற்று நன்றாகக் குளிரும். சென்னையில் கடற்காற்று வந்த பிறகு தெளித்தால் ஈரப்பசைதான் மிச்சம்.

கொடிப் பந்தல் போட நினைத்தால் காலம் பார்க்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை மார்கழியில் பந்தலை மூடும், அப்போது நமக்கு நிழல் தேவையில்லை. கோடை நிழலுக்குப் பீர்க்கு, புடலை விதையைத் தை மாதமே ஊன்றிவிட வேண்டும். சிறிய தொட்டியில் நட்டால் சித்திரையில் நண்பகலுக்கு முன்பே இலை தொங்கிவிடும். கொடிக்கு 50 லிட்டராவது மண் கொள்ளும் டிரம் கொடுங்கள். வருடம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் கோவைக்கொடி.

இனி கம்பம். மாடித் தரையில் துளை போட்டு போல்ட் அடிக்காதீர்கள். தட்டோட்டையும் அடியில் இருக்கும் சுருக்கியையும் (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு) துளைத்த இடம் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியும். பலரும் செய்வது, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கம்பத்தை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுவது. ஒரு வாளி 48 கிலோ வரும். சாதாரண நாளுக்கு அது போதும்.

புயலுக்குப் போதாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று, முழுதாக மறித்து நிற்கும் ஒரு பொருளின் மேல், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். பத்தடிக்கு நான்கடி திரை என்றால் 170 கிலோவுக்கு மேல். வலை என்பதால் காற்று கொஞ்சம் கசியும், தள்ளுவது குறையும்; ஆனால் இழுவை எட்டடி உயரத்தில் என்பதால் நெம்புகோல் போல வாளியோடு சாய்த்துவிடும். தார்ப்பாய் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் கம்பத்தைப் பிணைத்தால் சுவரும் சேர்ந்து போகலாம். ஒரு பக்கத்தையாவது மாடிப்படி அறையின் கான்கிரீட் தூணில் கட்டுங்கள்.

அதைவிட முக்கியம், ஐந்து நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும். இரண்டு இரும்பு வடக்கயிறுகளை எதிரெதிரே இழுத்துக் கட்டி, வலையின் ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு வளையம் போட்டு மாட்டினால், ஜன்னல் திரை மாதிரி ஒரு பக்கமாகத் தள்ளிச் சுருட்டிவிடலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது போல, எச்சரிக்கை வந்த பிறகு முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஐப்பசி பிறந்ததும் வலையை இறக்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துச் சுருட்டுங்கள். பரணில் போட வேண்டாம், எலி கூடு கட்டும். மூடியுள்ள டிரம்மில் போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.