ரத்தத்தில் பி.என்.பி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கா?

அக்காமாரே, அண்ணன்மாரே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, தாத்தாமாரே, வணக்கம். நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சுகரும் பிரஷரும் எட்டிப் பார்க்காத வீடு அபூர்வம். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால், இதயச் செயலிழப்பா என்று பார்க்க ‘என்.டி. புரோ பி.என்.பி.’ என்று ஒரு ரத்தச் சோதனை எழுதுவார்.

இதயம் பம்ப் மட்டுமல்ல, சுரப்பியும்கூட. கீழறைச் சுவர் இழுபட்டால் 108 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம் உருவாகி இரண்டாக வெட்டுப்படும். 32 உள்ள துண்டு பி.என்.பி.; உப்பைச் சிறுநீரில் தள்ளுவதும் ரத்தக் குழாயைத் தளர்த்துவதும் அதன் வேலை. 76 உள்ள துண்டுதான் என்.டி. புரோ பி.என்.பி.; அது சும்மா சுற்றும், ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். லேபில் அளப்பது பெரும்பாலும் அதைத்தான்.

நோயில்லாத நடுவயதுப் பெண்ணிடம் இந்த அளவு, அதே வயது ஆணைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான் ஏற்றுகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஆய்வுகள் வேறு பக்கம் கைகாட்டின: ரத்தத்தில் புரதத்தோடு கட்டுப்படாமல் திரியும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இதை அமுக்கிவைக்கிறது. கருத்தடை மாத்திரை ஒரு நல்ல சாட்சி. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி ஒரு புரதத்தைக் கூட்டும்; அந்தப் புரதம் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவிடும்; பி.என்.பி. ஏறும்.

ஆனாலும் வெளிநோயாளிகளுக்கு என்.டி. புரோவில் லிட்டருக்கு 125 நானோகிராம் என்ற ஒரே எல்லையைத்தான் இருபாலாருக்கும் வைக்கிறார்கள். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. 45 வயதுப் பெண்ணுக்கு 130 வந்தால் பதறவேண்டியதில்லை. அதே வயது ஆணுக்கு 110 வந்து கால் வீங்கியிருந்தால் சும்மா விடக்கூடாது.

இன்னொரு பொறி, எடை. உடல் பருத்தால் அளவு இறங்கும். நம் பெண்களில் பலருக்கு வருவது, இதயம் நன்றாகச் சுருங்கியும் சரியாக விரியாத வகைச் செயலிழப்பு. சுவர் தடித்திருப்பதால் இழுவிசை குறைவு. எண்ணும் அவ்வளவு ஏறாது. பருத்த பெண்ணிடம் ‘நார்மல்’ என்று வந்தாலும் மூச்சிரைப்பு இருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் கேளுங்கள்.

வயது, கிட்னிக் கோளாறு, ஒழுங்கற்ற நாடித்துடிப்பு மூன்றும் ஏற்றிவிடும். சாகுபிட்ரில் என்ற மருந்து கலந்த இதயச் செயலிழப்பு மாத்திரை எடுப்பவருக்கு பி.என்.பி. பார்த்தால் பொய்யாக ஏறிநிற்கும், என்.டி. புரோதான் பார்க்கவேண்டும். தாளில் அலகையும் பாருங்கள்: லிட்டருக்கு 125 நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 15 பிக்கோமோல். இரண்டு லேபின் தாளை அருகருகே வைத்து, ‘எட்டு மடங்கு ஏறிப்போச்சே!’ என்று அலறுவது பெரும்பாலும் இதனால்தான்.