மிக்ஸி ஓடிருச்சு, இனி படகு ஓட வேண்டியதுதான்

வணக்கம் மக்களே! இருங்க, பேசுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

(மிக்ஸி சத்தம்)

கேட்டுச்சா? படகுக்குள்ள மிக்ஸி ஓடுது! கரைக் கரண்ட்டுல இல்ல, அந்த வயரைப் பிடுங்கியாச்சு. முழுக்க முழுக்க பேட்டரி. நாளைக்குக் காலையில நானும் கேப்டனும் சிங்கப்பூர்லேர்ந்து மலேசியாவோட லங்காவித் தீவுக்குக் கிளம்புறோம், அதைச் சொல்லத்தான் கேமராவை வச்சேன். ஆனா முதல்ல சட்னிக் கதை.

பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், பாட்டில்ல வர்ற இஞ்சி பூண்டு விழுது, பாக்கெட் சட்னி எல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. மிக்ஸி இல்லாத படகுல நான் ஏற மாட்டேன்னு படகு வாங்குறப்பவே சொல்லிட்டேன். பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் வாங்கப் போனா, கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா, உங்க மிக்ஸி 750 வாட், இது 1000 வாட். தாராளம்." விலை 190 வெள்ளி. வந்து மாட்டி சுவிட்சைத் திருப்பினா, பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு. மறுபடி திருப்பினா மறுபடி பீப்.

விஷயம் என்னன்னா, நின்னுக்கிட்டு இருக்கிற மோட்டார் சுத்த ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடியில, ஓடும்போது இழுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 1000 வாட் அதைத் தாங்காது. அதுவும் இது சுத்தமான சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரி சீரா ஏறி இறங்குறது கிடையாது, வெட்டி வெட்டி வர்ற கரண்ட். ஒரே ஒரு தடவை ஓடினப்பகூட மோட்டார் ஒப்பாரி வச்சுது, அடிப்பக்கம் தொட்டா சுடுது. திருப்பிக் கொடுக்கப் போனா, பெட்டியைப் பிரிச்சாச்சாம், எடுக்க மாட்டாராம். பிரிக்காம எப்படிங்க மாட்டிப் பாக்குறது? கடை பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் இனிமே போக மாட்டேன்.

இப்ப மாட்டியிருக்கிறது 2000 வாட், சுத்தமான சைன் வேவ், வேற இடத்துல வாங்கினது. 460 வெள்ளி. கேபிள் தனி, பியூஸ் தனி. கேபிள் எவ்வளவு தடி பாருங்க, வளைச்சு மாட்டுறதுக்குள்ள கேப்டனுக்கு மணிக்கட்டு வீங்கிருச்சு. 12 வோல்ட்ல 2000 வாட் எடுக்கணும்னா 160 ஆம்பியருக்கு மேல போகும், மெல்லிசு கேபிள் போட்டா உருகிடும்.

"சட்னிக்கு இவ்வளவு செலவா"ன்னு கேப்டன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். மிக்ஸி ஓடும்போது 70 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. சட்னிக்கு ரெண்டு நிமிஷம் போதும். பேட்டரியிலேர்ந்து மொத்தமாவே ரெண்டரை ஆம்பியர்-மணிகூட போகாது. அவரோட பீர் டின்னைக் குளிர வைக்க அந்தக் குட்டி பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40, 50 ஆம்பியர்-மணி தின்னுது. இப்ப யார் வீண் செலவு? ஆள் சத்தமே இல்லாம இன்ஜின் குழிக்குள்ள இறங்கிட்டார்.

சரி, பயணம். "கிழக்குக் கரையில இருக்கிற தியோமான் தீவுக்குப் போகலையா, அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமே"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. இப்ப வடகிழக்குப் பருவக்காத்து. தென்சீனக் கடல் அலை நேரா கிழக்குக் கரையில வந்து மோதும், பாதி ரிசார்ட் மூடிக் கிடக்கும். மலாக்கா நீரிணைப் பக்கம் அப்படி இல்ல. தீபகற்பமே குறுக்க நின்னு அலையை மறைச்சிடுது, காத்து மட்டும் நிலத்து மேலேர்ந்து வரும். இதையே ஏப்ரலுக்கு அப்புறம் போனா சுமத்ரா புயல்காத்துல மாட்டணும், விடியக்காலையில தூக்கம் கலையுறதுக்குள்ள மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர் வேகத்துல வந்து அடிக்கும். எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது.

சிங்கப்பூரோட மேற்குப் பக்கம் இருக்கிற துவாஸைத் தாண்டி தஞ்சோங் பியாய் முனையைச் சுத்தணும், ஆசியப் பெருநிலத்தோட தென்கோடி அதுதான். அப்புறம் பீசாங் தீவுல முதல் நங்கூரம். அங்க இருக்கிற கலங்கரை விளக்கத்தைப் பாத்துக்கிறது நம்ம சிங்கப்பூர்க்காரங்க, தீவு மட்டும் ஜோகூரோடது. பிறகு மலாக்கா, போர்ட் டிக்சன், பாங்கோர், பினாங்கு, லங்காவி. 400 கடல் மைலுக்கு மேல. எங்க படகு வள்ளி போற வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள்ல போறவர் எங்களைத் தாண்டிப் போயிடுவார். ராத்திரி ஓட்ட மாட்டோம். வெளிய போனா பெரிய கப்பல் பாதை, கரையோரம் வந்தா மீன் வலை. இருட்டுல வலை புரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சுன்னா கத்தியைக் கடிச்சுக்கிட்டு யார் குதிக்கிறது? நான் இல்ல.

ஆ, கேஸைப் பத்தி சொல்லாம விட்டுட்டேன்! சிலிண்டர் ஏன் உள்ள இல்லாம பின்னாடி தனிப் பெட்டியில இருக்குன்னு கேட்டிருந்தீங்க. கேஸ் காத்தைவிடக் கனம். உள்ள கசிஞ்சா மேல போகாது, படகோட அடிவயித்துல தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும். அந்தப் பெட்டியில கசிஞ்சா அடியில இருக்கிற ஓட்டை வழியா கடலுக்குப் போயிடும்.

எனக்கு ஒரே ஆசை, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில நிக்கணும். கேப்டன் முறைக்கிறார். தேதி குறிச்சு வச்சுக்கிட்டுக் கடல்ல இறங்குறவங்கதான் போகக்கூடாத காத்துல போவாங்களாம். அது நியாயம்தான், மறுக்கல. ஆனா அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? கடலேர்ந்து ஜெராய் மலையைப் பாக்கணுமாம். 1,217 மீட்டர், கெடா கரையில தனியா நிக்குது, அந்தக் காலத்துக் கப்பல்காரங்களுக்கு அதுதான் அடையாளம். 1025ல ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் அந்தப் பக்கம்தான். அந்தக் கதையை ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார், அதுக்குத் தனி வீடியோ போடுறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி குடிநுழைவுச் சோதனை இருக்கு, பாஸ்போர்ட், படகுப் பத்திரம் எல்லாம் ஒரே பையில போட்டாச்சு. இட்லி மாவுப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல நிரப்பல, ஆடுற ஆட்டத்துல பொங்கினா யார் துடைக்கிறது? அப்புறம்... என்னங்க? தண்ணியா? ஐயோ, டேங்க் நிரம்பி மேல வழியுதாம், நான்தான் பைப்பைப் பிடிச்சு நிக்கணும். வர்றேங்க, வர்றேன்! மக்களே, பீசாங்ல லைன் கிடைச்சா அடுத்த வீடியோ.