மிஸ் கிளாவலும் அப்பா அனுப்பிய பொம்மை வீடும்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, இந்த நூலகத்தின் மின்விசிறி முதல் குடிநீர் வரை பார்த்துப் பார்த்துச் செய்யும் நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் அரை மணி நேரம் அழகாகப் பேசி என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்ட பேராசிரியர் நண்பரே, மைக்காரத் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவர் பெயரை விட்டுவிட்டு இன்னும் அவர் தெருப்பக்கம் போக முடியவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கதைகளில் வரும் கன்னியாஸ்திரி அம்மா’. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அந்த அம்மா யார். இரண்டு, அவர் போட்டிருக்கும் உடுப்பு. மூன்று, குழந்தைப் பாட்டில் எதுகை செய்யும் வேலை. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பது என் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி. எங்கே போனாலும் அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கியதில்லை. இன்றைக்கும் சொல்லுவேன்.

சரி, முதல் விஷயம். பாரிஸ் நகரம். கொடி படர்ந்த ஒரு பழைய வீடு. பன்னிரண்டு சிறுமிகள் இரண்டு வரிசையாகச் சாப்பிடுகிறார்கள், பல் தேய்க்கிறார்கள், தூங்குகிறார்கள். அவர்களை மேய்ப்பவர் மிஸ் கிளாவல். நெட்டையான உருவம், நீல அங்கி, தலையில் முக்காடு. 1939இல் லுட்விக் பெமல்மன்ஸ் எழுதிப் படமும் வரைந்த ‘மேடலின்’ புத்தகத்தில் வருகிறவர். நடுராத்திரியில் எதுவோ சரியில்லை என்று மனசில் பட்டதும் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடுவார். ஓடும்போது அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தே வரைந்திருப்பார் பெமல்மன்ஸ். அந்தச் சாய்வுக்காகவே உலகம் அவரை நேசிக்கிறது என்பேன். அன்றைக்கு அழுதது கூட்டத்திலேயே சின்னவளான மேடலின். குடல்வால் வீக்கம். டாக்டர் வந்து போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறார், அறுவை சிகிச்சை நடக்கிறது. மற்றப் பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள். இவள் கட்டிலில் நின்று வயிற்றுத் தழும்பைக் காட்டுகிறாள். அன்று ராத்திரி பதினோரு பேரும் தங்களுக்கும் குடல்வாலை எடுக்கச் சொல்லி அழுகிறார்கள்!

சிரிக்கிறீர்கள். இது கதையில் மட்டும் நடப்பதில்லை. 1973. எனக்கு எட்டு வயது. அப்பா இறந்துபோய், அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த காலம். என்னைச் சிஸ்டர்மார் நடத்திய ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தார். எங்கள் கூடத்தில் ஒருவனுக்கு இதே குடல்வால் ஆபரேஷன். பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? ஹார்லிக்ஸ் கொடுத்தார்களாம், பன் கொடுத்தார்களாம். எல்லாவற்றுக்கும் மேல், அவன் அம்மா பத்து நாளும் பக்கத்திலேயே படுத்திருந்தாராம். அவ்வளவுதான். அன்று ராத்திரி பாய்க்குப் பாய் முனகல். டார்ச்சைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் ஓடி வந்தார். எல்லார் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய் ஒரு கையில் ஓமத்தண்ணீர், இன்னொரு கையில் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு திரும்பி வந்தார். புட்டியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு வலி போய்விட்டது. மீதிப் பேருக்கு ஓமத்தண்ணீரில் போனது. எனக்கு மட்டும் போகவில்லை. விளக்கெண்ணெயையும் குடித்துவிட்டு, “இன்னும் வலிக்குது சிஸ்டர்” என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் பாயில் உட்கார்ந்தார். “அம்மாவப் பாக்கணுமாடா?” என்றார்.

மறுநாளே கார்டு போட்டார். நாலாம் நாள் அம்மா காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “மாசம் அறுபது ரூபா கூடக் கெடைச்சா இவன நானே வச்சுக்கிருவேன் சிஸ்டர்” என்றார் அம்மா. சிஸ்டர் வெகுநேரம் தலையைக் குனிந்தே இருந்தார். அவரிடம் அன்பு இருந்தது, அறுபது ரூபாய் இல்லை.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். மிஸ் கிளாவலைக் கன்னியாஸ்திரி என்றும், அந்தச் சிறுமிகளை அநாதைகள் என்றும் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1998இல் வந்த ஆங்கிலப் படம் மேடலினை அநாதை என்றே வைத்தது. ஆனால் புத்தகத்தில் அவள் ஆஸ்பத்திரி அறையை நன்றாகப் பாருங்கள். பொம்மைகள், மிட்டாய், ஒரு பொம்மை வீடு. யார் அனுப்பியது? அப்பா! அவளுக்கு அப்பா இருக்கிறார். பெமல்மன்ஸின் தாயாரும் சின்ன வயதில் பவேரியாவின் ஆல்ட்டாட்டிங் ஊரில் கன்னியர் மடத்தில் இருந்தவர். மேடலினின் தொடக்கம் அவர் சொன்ன கதைகள்; வரிசைக் கட்டில்களை அவரோடு அந்த மடத்துக்குப் போனபோது பெமல்மன்ஸ் நேரிலேயே பார்த்தார். அவருக்கும் தகப்பனார் இருந்தார்.

பிள்ளைகள் வரிசையாக நின்றால் அநாதைகள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட இல்லங்களுக்குப் போகிறோமே, அங்கே “உனக்கு யாரும் இல்லையா கண்ணு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு அம்மா இருப்பார், அல்லது ஒரு ஆச்சி. இல்லாதது பணம்தான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து தூக்கிவந்து வளர்க்கச் சொல்லவில்லை.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், கணவனை இழந்த தாயோ உறவினரோ பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் பல தாய்மார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இல்லத்து வாசலில் நிற்கிறார்கள். தெரிந்தவர்களும் வருமானச் சான்றுக்கு அலைந்து அலைந்து விட்டுவிடுகிறார்கள். வட்டாட்சியர் அம்மா சிரிக்கிறார்கள். அம்மா, உங்கள் அலுவலகத்தைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: பார்க்கக் கன்னியாஸ்திரி உடுப்பு மாதிரி இருந்தாலும், புத்தகத்தில் மிஸ் கிளாவலை எங்கேயும் சிஸ்டர் என்றோ மதர் என்றோ கூப்பிடுவதில்லை, வெறும் மிஸ்தான். எதுகையை அடுத்த வருடம் கூப்பிட்டால் பேசுகிறேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு, வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் உதவித்தொகை விண்ணப்பம் நாற்பது வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். ரேஷன் அட்டை நகல், வருமானச் சான்று, இறப்புச் சான்று, பிள்ளையின் பள்ளிச் சான்று சேர்த்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே நிரப்பித் தருகிறேன், ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன். பேனா மட்டும் கொண்டு வாருங்கள். போன கூட்டத்தில் என் பேனா திரும்பி வரவில்லை. நன்றி, வணக்கம்.