அப்பத்தாவின் அம்மி

(ரங்கூனில் எங்கள் சபையில் நடந்த நன்றி ஆராதனையில் பேசியது)

சபை ஆயர் ஐயா அவர்களே, மூப்பர் பெருமக்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, டலாவிலிருந்து படகேறி வந்திருக்கும் சொந்தக்காரர்களே, எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் தோத்திரம். கரேன் இனத்தவர் சபையிலிருந்து சாயாமா, அதாவது ஆசிரியை அம்மா, வந்திருக்கிறார்கள். அப்பத்தா படுக்கையில் கிடந்த மாதங்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கையைப் பிடித்து ஜெபித்தவர்கள். நம் தெரு அம்மன் கோவில் தருமகர்த்தா ஐயா முன்வரிசையில் இருக்கிறார்கள். அடக்கத்தன்று பந்தலும் நாற்காலியும் அவர்கள் கோவிலிலிருந்துதான் வந்தன. வாடகையென்று ஒரு காசு வாங்கவில்லை. எங்கள் குடும்பம் இதை மறக்காது. பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1932இல் இதே ஊரில் பிறந்து, 93 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அப்பத்தாவைப் பற்றி மூன்று காரியங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். அவருடைய ஜெபம், அவருடைய கை, அவருடைய தமிழ்.

ஜெபத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அவர் முழங்காலில் நின்று சொன்ன பெயர்களில் உங்கள் பெயரும் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

கைக்கு வருகிறேன். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.' அப்பத்தா அடிக்கடி சொன்ன பழமொழி இது. நாமும் சொல்வோம், சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர் உண்மையிலேயே அம்மியை நகர்த்தியவர்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது அவருக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். ஜனங்கள் அரக்கான் பக்கமும் மணிப்பூர் பக்கமும் நடந்தார்கள். இவர்கள் வீட்டில் அப்பாவுக்குக் கால் முடியாததால் தங்கிவிட்டார்கள். அப்புறம் 1962இல் ராணுவ ஆட்சி. 1964 மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். அப்பத்தாவின் அக்காவும் ஏறினார்.

அந்த அக்கா, அம்மா சிவகங்கைச் சீமையிலிருந்து கொண்டுவந்த அம்மியைச் சாக்கில் சுற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சோதனை போட்டவர் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். பார்த்தால் கல்! "ஏன், இந்தியாவில் கல்லே இல்லையா?" என்று கேட்டாராம். நகை போனதற்கு அழாத அக்கா, அம்மியைக் கீழே வைக்கச் சொன்னதும் ஓவென்று அழுதார். கப்பல் போய்விட்டது. அம்மி கரையில் கிடந்தது.

எல்லாரும் விட்டுவிட்டு வா என்றார்கள். சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷா பிடிக்கக் கையில் காசில்லை. அப்பத்தா சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி இழுத்தார். பத்து அடி இழுப்பார், நிற்பார், கையை முந்தானையில் துடைப்பார், மறுபடியும் இழுப்பார். எட்டு வயது என் அப்பா குழவியைத் தம்பிப் பாப்பா மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஸ்ட்ராண்ட் ரோட்டில் பொழுது சாய்ந்துவிட்டது. சாக்கு தேய்ந்து கிழிந்து, கல் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் அப்பாவுக்குக் கடைசிவரை காதில் இருந்தது. ஒரு பர்மிய சைக்காக்காரர் நிறுத்தி, "அமா, அக்கா, அதில் என்ன?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லாமல் அப்பத்தா கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினாராம், அரைக்கிற மாதிரி. அவர் சிரித்துவிட்டுக் கல்லை ஏற்றிப் பொத்தத்தாவுங் பேட்டையில் எங்கள் வீட்டுவாசலில் இறக்கினார். காசு வாங்கவில்லை. மறுநாள் அதே அம்மியில் மசாலா அரைத்து வைத்த மீன் குழம்பு ஒரு தூக்குச்சட்டி நிறைய சைக்கா நிறுத்தத்துக்குப் போனது. அவர் உயிரோடிருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனது.

கவனியுங்கள். பழமொழியில் 'அடி' என்றால் அடிப்பது என்கிறார்கள் சிலர். அப்பத்தாவுக்கு அது எடுத்து வைக்கிற அடி.

இப்போது நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன், அப்பத்தாவின் தமிழ். 1965இல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் வீட்டில் சிலேட்டு அந்த அம்மிதான். அரைத்து முடித்துக் கழுவிய கருங்கல் ஈரமாகப் பளபளக்கும். அப்பத்தா மஞ்சளில் விரலைத் தோய்த்து அதில் 'அ' எழுதுவார். அதன்மேல் நாங்கள் விரலை ஓட்ட வேண்டும். தப்பினால் ஒரு கை தண்ணீர், எழுத்து போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து. நான் எழுதிய முதல் வார்த்தை 'கர்த்தர்'. ஐந்து எழுத்து, அதில் மூன்றுக்குப் புள்ளி. ஒரு புள்ளி குறைந்தாலும் சோறு கிடையாது. 23ஆம் சங்கீதத்தை அப்படித்தான், மஞ்சள் வாசனையோடு, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஐயர், பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் தமிழ் எழுதிப் பழகினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. 1813இல் இதே ரங்கூனில் இறங்கிய மிஷனரி ஜட்சன் ஐயர் பர்மிய மொழியைக் கற்று, 1834இல் வேதம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். சாயாமா முன்னால் இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம். கடல் கடந்து வந்தவர்கள் நம் எழுத்தைக் கற்றார்கள். நம் பிள்ளைகள்?

போன ஞாயிறு பாடகர் குழுப் பிள்ளையின் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். தமிழ்க் கீர்த்தனை, பர்மிய எழுத்தில். பர்மிய எழுத்தில் ழகரம் கிடையாது. 'வாழ்த்துகிறோம்' என்ற இடத்தில் பிள்ளை 'வாத்துகிறோம்' என்று பாடுகிறது. எனக்கு அழுகை வந்தது. பிள்ளைமேல் குற்றமில்லை. பர்மிய மொழி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை; அது நமக்குச் சோறு போடுகிற மொழி. ஆனால் பாட்டி லோவிசாளிடம் இருந்த விசுவாசம்தான் தீமோத்தேயுவுக்கு வந்தது என்று பவுல் எழுதுகிறாரே, நம் வீட்டு லோவிசாள்கள் போன பிறகு, அவர்கள் கோடு போட்டு வைத்திருக்கும் வேதப்புத்தகத்தை யார் திறந்து வாசிப்பது?

ஆகவே மூப்பர் ஐயாமார்களிடம் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், பின்னறையில், தமிழ் வகுப்பு. சம்பளம் வேண்டாம். பலகை வேண்டாம். நாலு பிள்ளை வந்தால் போதும், அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கல்லறைக்குப் பளிங்கு பதிக்க எங்கள் குடும்பம் எடுத்து வைத்த பணத்தில் எழுத்துப் புத்தகமும் நோட்டும் வாங்கிவிட்டோம். அத்தைமாருக்குச் சம்மதம்.

அந்த அம்மி என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. ஒரு மூலையில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் தேய்ந்த தடம் இன்னும் தெரியும். வருகிற ஞாயிறு காலை சைக்காவில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். பின்னறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ, ஏழு மணிக்கே திறந்து வையுங்கள். படியில் தூக்க இரண்டு வாலிபர்கள் வேண்டும். குழவியை நான் கொண்டுவருகிறேன்.